பாலைவனத்துக்கு ஒரு குடும்பப் பயணம்!

கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், ஷிப்மென்ட்... திருப்பூர்க் குடும்பங்களின் காலண்டரில் இந்த வார்த்தைகளுக்குத்தான் முதலிடம். கம்பெனி முதலாளியானாலும் சரி, பவர்டேபிள் நடத்துபவரானாலும் சரி, அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரானாலும் சரி, ஆர்டர் முடிகிற வரை தூக்கமும் அரைகுறை, சாப்பாடும் அரைகுறை. தீபாவளிக்கு மெஷின்கள் சில நாட்கள் ஓய்வெடுக்கும்போதுதான் மனிதர்களுக்கும் ஓய்வு ஞாபகம் வருகிறது.

"ஏனுங்க, இந்த தடவை ஊட்டி, கொடைக்கானல் வேண்டாங்க. புதுசா எங்காவது போலாங்களா?" என்று வீட்டில் பேச்சு எழுந்தால், ராஜஸ்தானில் உள்ள ஜெய்சால்மர் நகரத்தைச் சொல்லிப் பாருங்கள். "பாலைவனமா! அங்கே போய் என்ன பண்றது?" என்று தாத்தா கேட்பார். அவருக்கும், அவரோடு சேர்த்து உடம்பைப் பற்றிக் கவலைப்படும் எல்லோருக்கும்தான் இந்தக் கட்டுரை.

தங்க நிறத்தில் ஒரு ஊர்

ஜெய்சால்மர், 1156-ல் ராவல் ஜெய்சல் என்ற அரசர் உண்டாக்கிய ஊர். திரிகூட மலை மேல் மஞ்சள் மணற்கல்லால் கட்டிய கோட்டை, மாலை வெயிலில் தங்கமாக மின்னும். சத்யஜித் ரே 1974-ல் எடுத்த 'சோனார் கெல்லா' படத்தின் தங்கக் கோட்டை இதுதான். 2013-ல் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறினை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது இதுவும் இடம் பெற்றது.

நம் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டிய இடம், பட்வா மாளிகைகள். ஜரிகை வியாபாரத்தில் செழித்த குமான் சந்த் பட்வாவின் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐந்து வீடுகள் இவை. நூலும் ஜரிகையும் சம்பாதித்துக் கொடுத்த பணம் கல்லில் பூவேலையாக நிற்கிறது! தடித்த சுவர், சல்லடை போன்ற கல் ஜன்னல், வெயில் விழாத குறுகலான சந்து... ஏ.சி. இல்லாத காலத்தில் வெயிலோடு வாழக் கற்ற மக்களின் சாமர்த்தியம் அது.

ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் 'சம்' மணல் மேடுகள். அங்கே சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதே பெரிய சிகிச்சை. எல்லையை ஒட்டிய மாவட்டம் என்பதால் அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும்.

எப்போது போகலாம்?

கோடை விடுமுறையில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மர் போகும் வழியில் இருக்கும் பலோடியில், 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம். தீபாவளி அக்டோபரில் வந்தால் பகலில் சூடு மிச்சம் இருக்கும். பொங்கல் லீவு இன்னும் உத்தமம்.

ஆனால் ஜனவரியில் பகலில் 25 டிகிரி அளவில் இதமாக இருக்கும் ஊர், இரவில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். காற்றில் ஈரம் இல்லை, வானத்தில் மேகம் இல்லை. அதனால் மணல் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி சீக்கிரமே வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. எனவே ஸ்வெட்டர், மப்ளர், குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மங்கி கேப், காலுறை எல்லாம் பெட்டியில் இருக்கட்டும்.

வியர்வை தெரியாது, ஜாக்கிரதை!

பாலைவனப் பயணத்தில் கற்க வேண்டிய முதல் பாடம் இது. சென்னையில் வியர்த்தால் சட்டை நனைகிறது. வறண்ட காற்றில் வியர்வை வந்ததுமே ஆவியாகிவிடும். "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். வயதானவர்களுக்குத் தாக உணர்ச்சியும் குறைவு. ஆகவே தாகத்துக்காகக் காத்திருக்காமல், வெளியில் சுற்றும்போது அரை மணிக்கு ஒரு தடவை நாலு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும்.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று அறிய எளிய வழி, சிறுநீரின் நிறம். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். பெண்கள் பலர், "வழியில் பாத்ரூம் இருக்காது" என்று தண்ணீரையே குறைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் நீர்க்கடுப்பும் தலைவலியும்தான் மிச்சம். கிளம்பும் முன் எங்கெங்கே நிறுத்தலாம் என்று டிரைவரிடம் பேசி வைத்துவிடுங்கள். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று முன்கூட்டியே தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலைந்து கையில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு (தலைதட்டி அளந்து) கலந்துகொள்ளலாம். உப்பு அளவு கூடக் கூடாது.

வெயில் அடித்துவிட்டால்?

தலைசுற்றல், குமட்டல், சோர்வு, சில்லென்ற ஈரத்தோல்... இது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தெளிந்துவிடும்.

ஆனால் ஒருவர் உளற ஆரம்பித்தால், வலிப்பு வந்தால், மயங்கினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் (40 டிகிரி செல்சியஸுக்கு மேல்) அது வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்து. உடனே 108-க்குச் சொல்லிவிட்டு, ஆடையைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

சின்னச் சின்னத் தொந்தரவுகள்

* வறண்ட காற்றில் மூக்கில் ரத்தம் வரலாம். தலையை அண்ணாந்து வைக்காமல், முன்னால் குனிந்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உதட்டுக்கும் தோலுக்கும் தேங்காய் எண்ணெய் போதும்.

* ஆஸ்துமாக்காரர்கள், பஞ்சுத் தூசியில் வேலை செய்து இருமல் உள்ளவர்கள், இன்ஹேலரைப் பெட்டியில் அல்ல, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும். மணல் காற்றுக்கு முகத்தில் ஒரு பருத்தித் துண்டு.

* இன்சுலின் மருந்தை நிறுத்தி வைத்த காரில் விடக் கூடாது. உறைய விடவும் கூடாது.

* ஒட்டகச் சவாரியில், ஒட்டகம் எழும்போது பின்னங்கால்தான் முதலில் எழும். முன்னால் சரியாமல், பின்னால் சாய்ந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் முதுகுத்தண்டுத் தொல்லை உள்ளவர்களும் கீழே நின்று ரசிக்கலாம்.

* உடை விஷயத்தில் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்! தளர்வான, முழுக்கை வைத்த பருத்தி ஆடையே அங்கேயும் ராஜா.

கம்பும் வன்னியும்

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். அங்கே பாஜ்ரா ரொட்டி என்று தருவது நம்ம கம்புதான். 'கேர் சாங்ரி' கறியில் உள்ள சாங்ரி, நம் கோயில்களில் கும்பிடும் வன்னி மரத்தின் காய். கூடவே மோர். நெய்யும் காரமும் சற்றுத் தூக்கலாக இருக்கும். வயிறு கெடாமலிருக்க, சூடாகச் செய்ததை மட்டும் சாப்பிடுங்கள்.

ஓய்வு எடுக்கத்தானே போகிறோம்?

பலர் ஏழு நாளில் எட்டு ஊர் பார்த்துவிட்டு, கிளம்பியதைவிட அதிகக் களைப்போடு திரும்புகிறார்கள். ஜெய்சால்மருக்குப் போய்ச் சேருவதற்கே ரயிலில் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஆகவே ஒரே இடத்தில் மூன்று, நான்கு ராத்திரி தங்குங்கள். காலையில் சுற்றுவது, மதியம் தூங்குவது, மாலையில் 14-ஆம் நூற்றாண்டு கடிசர் ஏரிக் கரையில் நடப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ஊர் முழுக்க தாகம் தீர்த்தது அந்த ஏரிதான். போனை ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் எடுப்பது என்று கம்பெனியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அப்பா போனைக் கீழே வைத்தால்தான் பிள்ளைகளும் வைப்பார்கள்.

ஒரு வேண்டுகோள். கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த காலத்தில் கட்டிய கோட்டை அது. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் கசிந்து, அடிமண் இளகி, சுவர்கள் பலவீனமாகியிருக்கின்றன. அதனால் கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெளியே உள்ள ஓட்டலில் தங்குங்கள். ஒரு வாளித் தண்ணீரில் குளிக்கப் பழகுங்கள். சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டை நேரில் பார்த்த நமக்கு, தண்ணீரின் அருமையை வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஊர் திரும்பியதும் அடுத்த நாளே ராத்திரி ஷிப்ட் பார்க்க ஓடாதீர்கள். ஒரு நாள் வீட்டில் இருந்து, நன்றாகத் தூங்கி எழுந்து, அதன் பிறகு வேலையைத் தொடங்குங்கள். மெஷினுக்கு எண்ணெய் போடுகிற நாளை யாரும் வீண் என்று சொல்வதில்லையே!