சேட்டைக்கு மதிப்பெண் போடுவது யார்?

பள்ளியிலிருந்தோ டாக்டரிடமிருந்தோ ஒரு படிவம் கைக்கு வரும். பிள்ளை ஓரிடத்தில் உட்காருகிறானா, அடிக்கடி சண்டை போடுகிறானா, எதற்கெடுத்தாலும் பயப்படுகிறானா என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். 'இல்லை', 'ஓரளவு', 'ஆமாம்' என்று டிக் அடித்துக் கொடுத்தால் அவை 0, 1, 2 என்று மதிப்பெண்ணாகும். கூட்டுத்தொகை ஒரு கோட்டைத் தாண்டிவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

இப்படிப்பட்ட படிவங்களில் உலகெங்கும் புழங்குபவை இரண்டு. ஒன்று, அமெரிக்காவின் வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் அக்கன்பாக் உருவாக்கிய சி.பி.சி.எல். மற்றொன்று, லண்டன் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ.; 25 கேள்விகள்தான், தமிழிலும் கிடைக்கிறது. இரண்டும் நல்ல கருவிகள். ஆனால் அவை தரும் எண்ணைப் பற்றி நம்மிடையே உள்ள சில நம்பிக்கைகள் பிள்ளைகளுக்கு அநியாயம் செய்கின்றன.

நம்பிக்கை: மதிப்பெண் கூடுதல் என்றால் பிள்ளையின் சேட்டையும் கூடுதல்.

இதற்குத் தாய்லாந்து நல்ல பதில் வைத்திருக்கிறது. அங்கேயும் அமெரிக்காவிலும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அவர்களுடைய ஆசிரியர்களிடம் கேட்டபோது, தாய்லாந்து ஆசிரியர்கள்தான் அதிகப் பிரச்சினைகளைச் சொன்னார்கள். படிவத்தோடு விட்டிருந்தால், தாய்லாந்துப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிட அடங்காதவர்கள் என்று எழுதி முடித்திருப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் வைஸும் அவருடைய சகாக்களும் அப்படி விடவில்லை. பயிற்சி பெற்றவர்களை வகுப்பறையிலேயே உட்காரவைத்து, பிள்ளைகள் பாடத்தைக் கவனிக்கிறார்களா, இடையூறு செய்கிறார்களா என்று நேரில் பார்த்துக் குறிக்கச் செய்தார்கள். 1995இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது. அமெரிக்கப் பிள்ளைகளிடம்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரச்சினைகள் பதிவாகியிருந்தன.

தாய்லாந்து ஆசிரியர்கள் பொய் சொல்லவில்லை. அமைதியும் பணிவும் இயல்பு என்று எதிர்பார்க்கிற வகுப்பறையில் சின்னச் சலசலப்பும் கண்ணில் படும். இரைச்சலே இயல்பான வகுப்பில் அது யார் கவனத்துக்கும் வராது. படிவத்தில் ஏறும் எண் பிள்ளையின் நடத்தையை மட்டும் சொல்வதில்லை. பார்க்கிற பெரியவரின் எதிர்பார்ப்பும் அதில் கலந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1988இல் வைஸ் குழுவினர் இரண்டு நாட்டுப் பெரியவர்களுக்கும் ஒரே மாதிரியான பிள்ளைகளைப் பற்றிய சிறு விவரிப்புகளைக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். அதில் குறைவாகக் கவலைப்பட்டவர்கள் தாய்லாந்துக்காரர்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். சேட்டை கண்ணில் படுவது வேறு, அதற்காகக் கலங்குவது வேறு. படிவத்தில் 2 என்று குறித்த அம்மா எவ்வளவு கலங்கியிருக்கிறார் என்பதை அந்த 2 சொல்லாது.

நம்பிக்கை: நிபுணர் பார்த்தால் எந்த நாட்டிலும் ஒரே கணிப்புதான்.

சீனா, இந்தோனேசியா, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நான்கு நாட்டு மனநல நிபுணர்களிடம் எட்டு வயதுப் பையன்கள் நான்கு பேரின் வீடியோவைக் காட்டினார்கள். எல்லாரும் பார்த்தது அதே பையன்களைத்தான். ஆனாலும் சீன, இந்தோனேசிய நிபுணர்கள் மிகைத்துடிப்புக்குப் போட்ட மதிப்பெண், ஜப்பானிய, அமெரிக்க நிபுணர்கள் போட்டதைவிடத் தெளிவாகவே அதிகம். 1992இல் வெளிவந்த ஆய்வு இது. பட்டம் பெற்றுவிட்டதால் மட்டும் வளர்ந்த ஊரின் கண் மாறிவிடாது.

நம்பிக்கை: எந்த நாட்டுப் பிள்ளைகள் மோசம் என்று தரவரிசை போட்டுவிடலாம்.

31 சமூகங்களைச் சேர்ந்த 55,508 பிள்ளைகளின் பெற்றோர் நிரப்பிய சி.பி.சி.எல். படிவங்களை 2007இல் லெஸ்லி ரெஸ்கோர்லா குழுவினர் ஒப்பிட்டார்கள். சராசரியில் ஜப்பான் மிகக் கீழே, புவேர்ட்டோ ரிக்கோ மிக மேலே. பலரும் எடுத்துச் சொல்வது இந்த இரண்டு முனைகளைத்தான். பெரும்பாலான சமூகங்கள் நடுவில் நெருக்கமாக நின்றன என்பதும், நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாடு பெரிது என்பதும் பேச்சில் வருவதே இல்லை. அக்கன்பாக் குழுவே இதையெல்லாம் கணக்கில் எடுத்து, சமூகங்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுக்கோடு வகுத்திருக்கிறது. ஒரு தொகுதியில் கோட்டைத் தாண்டும் அதே தொகை இன்னொன்றில் சாதாரணம்.

நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள். மனநலக் கோளாறு உள்ள பிள்ளைகளின் விகிதம் 2002இல் வெளியான சண்டிகர் ஆய்வில் 6.33%, 2005இல் பெங்களூரு ஆய்வில் 12.5%, 2008இல் கோவா ஆய்வில் 1.81%. இதை வைத்து பெங்களூருப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்று பதறக் கூடாது. மூன்றிலும் வயது வேறு, கருவி வேறு, கோளாறு என்று எண்ணியவையும் வேறு. பெங்களூருக் கணக்கில் படுக்கையில் சிறுநீர் கழிப்பதும் திக்குவாயும் சேர்த்தி. அதே ஆய்வில், அன்றாட வாழ்க்கை உண்மையிலேயே பாதிக்கப்பட்ட 4 முதல் 16 வயதுப் பிள்ளைகளை மட்டும் எண்ணினால் 5.3%.

நம்பிக்கை: இதெல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம், நம் பிள்ளைகளை அளக்கவே முடியாது.

மேலே சொன்னதைப் படித்துவிட்டு இந்த முடிவுக்கு வருகிறவர்கள் உண்டு. முதல் நம்பிக்கையைவிட இது எனக்கு அதிகப் பயம் தருகிறது. சி.பி.சி.எல். காட்டும் எட்டு வகைப் பிரச்சினைத் தொகுப்புகள் 30 சமூகங்களில் சோதிக்கப்பட்டு, பொதுவாகப் பொருந்திவந்திருக்கின்றன. பையன்களிடம் வெளியே தெரியும் முரட்டுத்தனம், பெண்பிள்ளைகளிடம் உள்ளுக்குள் புழுங்கும் கவலை என்ற போக்கும் பல நாடுகளில் தென்படுகிறது. பிள்ளைகளின் துன்பம் எங்கும் உண்டு.

சில கேள்விகள் நமக்கு இடிக்கும் என்பது உண்மைதான். சக பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு ஒட்டுதலாக இருப்பதை எஸ்.டி.க்யூ. ஒரு குறையாக எண்ணுகிறது. தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா என்று நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது குறையா? அந்தக் கேள்வியைச் சற்று யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் படிவத்தையே தூக்கி எறிய வேண்டியதில்லை.

உண்மையையும் பார்வையையும் பிரித்தெடுக்கவும் முடியும். நார்வேப் பிள்ளைகள் பிரிட்டன் பிள்ளைகளைவிட மனநலம் மிக்கவர்கள் என்று படிவங்கள் காட்டின. விரிவான நேர்காணலோடு ஒப்பிட்டபோது, நடத்தைப் பிரச்சினைகள் நார்வேயில் குறைவு என்பது உண்மை என்று தெரிந்தது. ஆனால் பிள்ளைகளின் கவலையையும் பயத்தையும் நார்வேயின் பெற்றோரும் ஆசிரியர்களும் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். சத்தமே போடாத பிள்ளையை 'தங்கமான பிள்ளை' என்று கொண்டாடும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: பெற்றவளுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. 25 சமூகங்களில் வளரிளம் பிள்ளைகளையும் பெற்றோரையும் தனித்தனியே கேட்டார்கள். எல்லாவற்றிலும், பெற்றோர் சொன்னதைவிடப் பிள்ளைகள் தங்களைப் பற்றிச் சொன்ன பிரச்சினைகள்தான் அதிகம்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒருவர் நிரப்பிய ஒரே ஒரு படிவத்தை வைத்து எந்தப் பிள்ளைக்கும் பெயர் சூட்டாதீர்கள். வீட்டில் ஒருவர், பள்ளியில் ஒருவர், 11 வயதைக் கடந்திருந்தால் பிள்ளையும் என மூவரிடமும் கேளுங்கள். எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து அந்தக் கோடு போடப்பட்டது என்று டாக்டரிடம் விசாரியுங்கள். தொகை குறைவாக வந்தாலும், பிள்ளை சாப்பாட்டையோ விளையாட்டையோ பள்ளியையோ வெறுக்க ஆரம்பித்திருந்தால், காத்திருக்காமல் அழைத்துப் போங்கள்.