சோயா மொச்சையில் டெம்பே: தயாரிப்பும் சமையலும்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் இறைச்சி வாங்க வசதியில்லாத வீட்டிலும் சோற்றுக்குத் துணையாக ஒரு புரத உணவு கிடைத்து வருகிறது. அதன் பெயர் டெம்பே. வெந்த சோயா மொச்சைப் பருப்புகளை ஒருவகை வெண்பூஞ்சணம் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாக்குகிறது. கத்தியால் துண்டு போடும் அளவுக்குக் கட்டி இறுகியிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட 'செராட் செந்தினி' என்ற ஜாவானிய நூலில் டெம்பே பற்றிய குறிப்பு இருக்கிறது. 1890 முதல் தென் அமெரிக்காவிலுள்ள சூரினாம் நாட்டுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஜாவானியர் இதைச் செய்யும் முறையையும் உடன் கொண்டு சென்றனர்.

சோயா மொச்சையில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதம் உண்டு. ஆயினும் பச்சை விதையில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. நன்கு வேகவைத்தால்தான் அது அழியும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளும் இதில் அதிகம். ஊறவைத்த நீரையும் வேகவைத்த நீரையும் கொட்டிவிடுவதால் இவற்றில் ஒரு பகுதி நீங்குகிறது. அதன்பின் பூஞ்சணம் சுரக்கும் நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் சிறு கூறுகளாக உடைத்து வைக்கின்றன. இதனால் டெம்பே எளிதில் செரிக்கிறது.

உறைப்பொடி

பாலுக்கு உறைமோர் எப்படியோ, டெம்பேக்கு உறைப்பொடி அப்படி. ரைசோபஸ் என்ற பூஞ்சண இனத்தின் வித்துகள் இப்பொடியில் உள்ளன. ஜாவாவில் இதை 'ராகி' அல்லது 'லாரு' என்பார்கள். கேழ்வரகுக்கும் இந்த ராகிக்கும் தொடர்பில்லை. பழைய முறையில், பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்த 'வாரு' மரத்தின் இலையைப் பயன்படுத்தினர். அதன் அடிப்புறத்திலுள்ள மெல்லிய மயிர்களில் வித்துகள் ஒட்டிக்கொள்ளும். அந்த இலையை உலர்த்தி வைத்து அடுத்த முறைக்கு உறையாகப் பயன்படுத்துவார்கள்.

புதிதாகச் செய்வோர் டெம்பேக்கென்றே தயாரிக்கப்பட்ட தூய உறைப்பொடியைத்தான் வாங்க வேண்டும். பழைய சோற்றிலோ ரொட்டியிலோ தானாகப் பிடித்த பூஞ்சணத்தை உறையாகப் பயன்படுத்தவே கூடாது. அதில் நஞ்சு உண்டாக்கும் இனங்களும் கலந்திருக்கலாம்.

தயாரிக்கும் முறை

1. ஊறவைத்தல்: நன்கு முற்றி உலர்ந்த சோயா மொச்சை 1 கிலோ எடுத்து, கல், மண், சொத்தை நீக்கிக் கழுவ வேண்டும். விதைப்புக்காக மருந்து கலந்து வைத்த விதையை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. 3 முதல் 4 லிட்டர் நீரில் 10 முதல் 12 மணி நேரம் ஊறவிட வேண்டும்.

2. தோல் நீக்குதல்: ஊறிய விதையைக் கையால் அழுத்திப் பிசைந்தால் தோல் கழன்று பருப்பு இரண்டாகப் பிளக்கும். நீர் ஊற்றிக் கலக்கினால் தோல் மேலே மிதக்கும். அதை வடித்துவிட வேண்டும். இப்படிப் பலமுறை செய்ய வேண்டும். தோலைத் துளைத்துப் பூஞ்சணம் உள்ளே செல்லாது என்பதால் இந்த வேலையில் சோம்பல் கூடாது. ஜாவாவின் சிறு பட்டறைகளில் விதையைக் கூடையிலிட்டுக் காலால் மிதித்துத் தோல் நீக்கும் வழக்கம் இருந்தது. இப்போது பெரும்பாலும் இயந்திரம் வந்துவிட்டது. கழிக்கும் தோல் கால்நடைத் தீவனத்திற்கு உதவும்.

3. வேகவைத்தல்: ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை வேகவைக்க வேண்டும். பொங்கி வரும் நுரையை எடுத்துவிடலாம். பருப்பு விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் குழையக் கூடாது. இறக்கும் முன் 4 மேசைக்கரண்டி வினிகர் சேர்க்க வேண்டும். இந்தப் புளிப்பு கெடுதல் செய்யும் நுண்ணுயிர்களை அடக்கும், பூஞ்சணத்திற்கு இடையூறு செய்யாது. ஜாவாவில் ஊறும்போதே நீர் இயற்கையாகப் புளித்துவிடுவதால் பலர் வினிகர் சேர்ப்பதில்லை.

4. உலர்த்துதல்: நீரை ஒட்ட வடித்து, சுத்தமான துணியில் பரப்ப வேண்டும். மேற்பரப்பில் ஈரம் தெரியாமல், கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு, அதாவது 35 டிகிரி செல்சியசுக்குக் கீழ் ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது பொடியைத் தூவினால் வித்துகள் செத்துவிடும். ஈரமாக இருக்கும்போது தூவினால் பருப்பு அழுகிவிடும். டெம்பே கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் காட்டும் அவசரமே காரணம்.

5. உறையிடுதல்: 1 கிலோ விதைக்குப் பொதுவாக 2 தேக்கரண்டி உறைப்பொடி போதும். பொட்டலத்தில் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். எல்லாப் பருப்பிலும் படுமாறு சில நிமிடங்கள் புரட்ட வேண்டும்.

6. பொதிதல்: வாழை இலையில் 2 முதல் 3 செ.மீ. கனத்திற்குப் பரப்பி மடித்துக் கட்டலாம். பாலிதீன் பையானால் 1 செ.மீ. இடைவெளியில் ஊசியால் துளையிட வேண்டும். பூஞ்சணத்திற்குக் காற்று வேண்டும், அளவோடுதான் வேண்டும். காற்று இல்லையேல் வளராது. அதிகமானால் விரைவில் வித்து விட்டுக் கறுத்துவிடும்.

7. விளையவிடுதல்: பொதிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், அடியிலும் காற்றுப் புகும் மூங்கில் தட்டில் வைக்க வேண்டும். 30 டிகிரி வெப்பம் ஏற்றது. முதல் 12 மணி நேரத்தில் மாற்றம் தெரியாது. அதன்பின் பூஞ்சணம் வளரும்போது தானே சூட்டை உண்டாக்கும். அப்போது பொதிகளை இன்னும் விலக்கி வைத்துக் குளிர்ச்சியான இடத்திற்கு மாற்ற வேண்டும். 24 முதல் 36 மணி நேரத்தில், குளிர்காலத்தில் 48 மணி நேரத்தில், டெம்பே தயாராகும். 1 கிலோ விதையிலிருந்து ஒன்றரை கிலோவுக்கு மேல் டெம்பே கிடைக்கும்.

பதம் அறிவது எப்படி?

நல்ல டெம்பே பஞ்சு போர்த்தியதுபோல் வெளுத்திருக்கும். துண்டாக நறுக்கினால் உதிராது. புதுக் காளானின் மணம் வீசும். துளைகளின் அருகே சாம்பல் அல்லது கருநிறப் புள்ளி தென்பட்டால் அஞ்ச வேண்டாம். அது அப்பூஞ்சணத்தின் வித்துதான்.

பருப்பு வழவழத்துப் பிசுபிசுத்தாலும், அழுகல் நாற்றம் அடித்தாலும், பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறம் தோன்றினாலும் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் சமைப்பது ஆபத்து.

தயாரான டெம்பேயை அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும். வைத்திருக்க வேண்டுமானால் 10 நிமிடம் ஆவியில் வேகவைத்து ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாட்கள் தாங்கும்.

சமையல்

டெம்பேயைப் பச்சையாக உண்ணாமல் சமைத்தே உண்ண வேண்டும். அதற்கெனத் தனிச்சுவை அதிகமில்லை. ஆகவே உப்பும் காரமும் ஊறிய பிறகுதான் ருசிக்கும்.

பொரித்த டெம்பே: கால் கிலோ டெம்பேயை அரை செ.மீ. கனத்தில் நறுக்க வேண்டும். 4 பல் பூண்டு, 1 தேக்கரண்டி கொத்தமல்லி விதை, சிறிது மஞ்சள், தேவையான உப்பு ஆகியவற்றை அரைத்து 1 குவளை நீரில் கரைத்து, துண்டுகளை 15 நிமிடம் ஊறவைக்க வேண்டும். நீரை நன்கு வடித்து, காய்ந்த எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுக்க வேண்டும்.

மெண்டோவான்: மத்திய ஜாவாவின் பன்யுமாஸ் வட்டாரத்துப் பண்டம் இது. மெல்லிய டெம்பேயைக் கோதுமை மாவும் அரிசி மாவும் வெங்காயத்தாளும் கலந்த கரைசலில் தோய்த்துப் போடுவார்கள். பஜ்ஜியைப் போல மொறுமொறுப்பாகும் வரை விடாமல், மெத்தென்று இருக்கும்போதே எடுத்துப் பச்சைமிளகாயுடன் உண்பார்கள்.

பாசெம்: 2 குவளை இளநீர், அரைத்த வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, ஒரு துண்டு பேரரத்தை, சிறிது புளி, 50 கிராம் தென்னை வெல்லம், உப்பு இவற்றுடன் துண்டுகளைச் சேர்த்துச் சிறுதீயில் நீர் வற்றும்வரை வேகவைக்க வேண்டும். பின்பு சிறிது எண்ணெயில் வாட்டியெடுக்க வேண்டும். தென்னை வெல்லத்திற்குப் பதில் கருப்பட்டியும் ஆகும்.

காய்கறிகளுடன் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, 'லோதே' என்ற குழம்பாகவும் ஜாவா மக்கள் இதை உண்கின்றனர்.

தேங்காய்ப் பிண்ணாக்கு கூடவே கூடாது

தென்னை உள்ள குடும்பத்தினர் இந்தச் செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பன்யுமாஸ் பகுதியில் ஏழை மக்கள் விலை மலிவு கருதித் தேங்காய்ப் பிண்ணாக்கிலும் டெம்பே செய்து வந்தனர். அதற்கு 'போங்கிரெக்' என்று பெயர். ஒருவகைப் பாக்டீரியா அதில் புகுந்து கொடிய நஞ்சை உண்டாக்கிவிடும். அந்த நஞ்சுக்கு மணமோ சுவையோ இல்லை. வேகவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. இதனால் பல ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். 1988இல் இந்தோனேசிய அரசு இதன் தயாரிப்பைத் தடை செய்தது. எனவே பிண்ணாக்கிலோ தேங்காய்த் துருவலிலோ சோதித்துப் பார்க்கும் எண்ணம் வேண்டாம். சோயா மொச்சையுடன் தேங்காயைக் கலந்து உறையிடவும் கூடாது. சமைக்கும்போது தேங்காய்ப்பால் சேர்ப்பதில் தவறில்லை.

ஜாவாவில் சவுண்டல் விதையிலும் பூனைக்காலி விதையிலும் டெம்பே செய்வோர் உண்டு. அந்த விதைகளில் இயற்கையாகவே நச்சுப்பொருள்கள் உள்ளன. பலமுறை ஊறவைத்து, வேகவைத்து, நீர் மாற்றும் பழக்கம் கைவந்தவர்களுக்கே அது உரியது. மற்றவர்கள் சோயா மொச்சையோடு நிற்பதே நல்லது.

சத்து எவ்வளவு?

100 கிராம் டெம்பேயில் 18 முதல் 20 கிராம் புரதம் உண்டு. இரும்பு முதலிய தாதுக்கள் உடலில் சேராமல் தடுக்கும் பைட்டேட் என்ற பொருளும் ஊறலிலும் பூஞ்சண வளர்ச்சியிலும் குறைகிறது. டெம்பேயில் வைட்டமின் பி12 உண்டு என்று சொல்லப்படுவதை மட்டும் முழுதாக நம்பக்கூடாது. அதை உண்டாக்குவது பூஞ்சணமன்று, உடன் வளரும் சில பாக்டீரியாக்களே. தூய உறைப்பொடியில் செய்த டெம்பேயில் அது இல்லாமற்போகலாம். பாலும் முட்டையும் மீனும் இறைச்சியும் உண்ணாதவர்கள் பி12 சத்துக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும்.

விதை யாருடையது?

டெம்பே ஜாவாவின் உணவு. ஆனால் அதற்கு வேண்டிய சோயா மொச்சையில் பெரும்பகுதியை இந்தோனேசியா வெளிநாட்டிலிருந்து, முக்கியமாக அமெரிக்காவிலிருந்து, இறக்குமதி செய்கிறது. உலகச் சந்தையில் விலை ஏறியபோது 2008 ஜனவரியில் டெம்பே தயாரிப்போர் தலைநகர் ஜகார்த்தாவில் திரண்டு முறையிட்டனர். 2012 ஜூலையில் மீண்டும் விலை உயர்ந்தபோது மூன்று நாள் தயாரிப்பை நிறுத்தினர். சந்தையில் டெம்பே தட்டுப்பட்டது. அடுப்பும் உழைப்பும் கைத்திறனும் தம்முடையவையாக இருந்தும், விதை தம் வயலில் விளையாததால் வந்த சங்கடம் இது.

சோயா மொச்சை பயிரிடும் சிறு விவசாயிக்கு அந்தச் சங்கடம் இல்லை. விளைந்ததில் வீட்டுத் தேவைக்கு ஒரு மூட்டையைச் சுத்தம் செய்து நன்கு உலர்த்தி வைத்துக்கொண்டு, மீதியை விற்கலாம். முதல் முறை அரை கிலோவுக்கு மேல் செய்ய வேண்டாம். ஊறவைத்த நேரம், ஆறவிட்ட நேரம், உறையிட்ட நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைத்தால் கெட்டுப்போனாலும் எங்கே பிழை என்று தெரியும். தொடர்ந்து நாலைந்து முறை சரியாக வந்து, வீட்டாரும் விரும்பி உண்ட பிறகு விற்பனையைப் பற்றி எண்ணலாம். உணவுப் பொருள் விற்பதற்குரிய பதிவையும் அதற்கு முன் செய்துகொள்ள வேண்டும்.