ஒற்றையடிப் பாதையில் செல்லும் ஒளி

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவுக்குச் செல்லும் நம் தோட்ட அன்பர்கள், சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மனை வழிபட்டபின், அதே சாலையில் நடந்து ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திற்கும் செல்வதுண்டு. சில நிமிட நடைதான். ஆயினும், செய்தி கொண்டு செல்லும் ஒருவகைக் கண்ணாடி இழையால் அதிவேகத்தில் அத்தொலைவைக் கடக்க இயலாது என்றால் வியப்பாக இல்லையா?

கண்ணாடி இழை தலைமுடியளவே மெல்லியது. அதன் நடுப்பகுதியே ஒளி செல்லும் வழி. 'மல்டிமோட்' இழையில் அவ்வழியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் 50 அல்லது 62.5 பங்கு; 'சிங்கிள்மோட்' இழையில் ஏறக்குறைய 9 பங்கு மட்டுமே. அகலமான வழியே நெடுந்தூரத்திற்கு ஏற்றது என எண்ணத் தோன்றும். உண்மை நேர்மாறானது.

காலைப் பெரட்டு முடிந்து, ஒரு குழுவினர் அகன்ற மண்சாலையில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். சிலர் நேராக நடப்பர். சிலர் இருபுறமும் வளைந்து வளைந்து செல்வர். தூரம் கூடக்கூட, முந்தியவருக்கும் பிந்தியவருக்கும் இடைவெளி பெருகும். அடுத்த குழுவையும் உடனே அனுப்பிவிட்டால், பின்தங்கியவர் யார், புதிதாக வந்தவர் யார் எனக் கங்காணியாரால் பிரித்தறிய இயலுமா? மல்டிமோட் இழையில் ஒளித்துடிப்புகளுக்கு நேர்வதும் இதுவே. வேகத்தைக் கூட்டுவதென்பது குழுக்களை நெருக்கி அனுப்புவதாகும். எனவே வேகம் ஏறினால் தூரம் சுருங்கும்.

விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் 275 மீட்டர் எட்டிய பழைய மல்டிமோட் இழை, 10 கிகாபிட் வேகத்தில் 33 மீட்டரோடு நின்றுவிடுகிறது! பின்னர் வந்த மேம்பட்ட வகைகளுக்கும் அதே வேகத்தில் வரம்பு 300, 400 மீட்டர்தாம். கட்டடச் சுவருக்குள் இழையைப் பதித்துவிட்டுப் பின்னாளில் வேகத்தைக் கூட்ட விரும்புவோர், சுவரை உடைக்க நேரிடுவது இதனால்தான். இருப்பினும் இதன் கருவிகள் மலிவானவை. ஒரே கட்டடத்திற்குள் என்றால் குறைகூற ஒன்றுமில்லை.

சிங்கிள்மோட் இழையோ ஒற்றையடிப் பாதை. ஒளி ஒரே வழியில்தான் செல்லும். சாதாரணக் கருவிகளைக் கொண்டே 10 கிகாபிட் வேகத்தில் 10 கிலோமீட்டர் எட்டும். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு முதல் வீடுதோறும் இணைப்பு வழங்கி வருவது இவ்வகை இழையே. ஆனால் ஒளி மங்கிப்போவதை இதனாலும் தடுக்க இயலாது. ஆகவே 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக இடப்பெற்ற கடலடிக் கம்பிவடத்தில், ஆங்காங்கே ஒளிபெருக்கிகளை அமைத்துள்ளனர்.

அவ்விரு நகரங்களையும் பினாங்கு வழியாக இணைத்த தந்திக் கம்பி 1870களின் தொடக்கத்திலேயே கடலுக்கடியில் வந்துவிட்டது. செம்புக் கம்பியில் கடல்நீர் படாமல் காத்தது கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். மலாய்த் தீவுக்கூட்டக் காடுகளில் கிடைத்த அப்பாலுக்காக, நம்மைப்போல் சீவி வடிக்காமல் மரத்தையே வெட்டிச் சாய்த்தனர்.