சென்னைக்குப் பக்கம் மதுரையா, யாழ்ப்பாணமா?

"யாழ்ப்பாணமா? ராமேஸ்வரத்தையும் தாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கமாச்சே!" சென்னையில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். மதுரை விமான நிலையம் சுமார் 415. ராமேஸ்வரம் 420ஐத் தொடும். ஆக, வான்வழியில் இந்த இரண்டு ஊர்களையும்விட யாழ்ப்பாணம்தான் சென்னைக்குப் பக்கம். மதுரையும் பலாலியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரை மேற்கே விலகிக் கிடக்கிறது; பலாலியோ சென்னைக்கு அநேகமாக நேர் தெற்கு. நம் மனதில் பதிந்திருப்பது பஸ்ஸும் ரயிலும் போகும் வழி. அது மேற்கே வளைந்து ராமேஸ்வரத்துக்கு இறங்குகிறது. விமானத்துக்கு அந்த வளைவு தேவையில்லை. திருச்சியிலிருந்து பலாலி இன்னும் பக்கம்: சுமார் 185 கிலோமீட்டர்தான்.

சில இடங்களில் சென்னை–யாழ்ப்பாணம் தூரம் 190 சொச்சம் என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது கடல் மைல் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

அடுத்த சந்தேகம் நேரம் பற்றியது. இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாமே, அட்டவணையில் ஏன் ஒன்றேகால் மணி? அட்டவணை நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். சென்னையில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. ஜெட் விட்டால் பாதி நேரம்தான் ஆகும் என்பதும் இதனாலேயே தவறு. இவ்வளவு குறுகிய தூரத்தில் ஜெட்டால் பத்துப் பதினைந்து நிமிடம்தான் மிச்சமாகும். தவிர, 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர்தான். அதற்கு ஏற்றது வால்பக்கக் கதவு வழியாக நாம் ஏறும் இந்த இரட்டை விசிறி விமானமே.

2019இல்தான் முதன்முதலாக இந்தத் தடம் வந்தது என்று எழுதுகிறவர்களும் உண்டு. இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவையே 1947 டிசம்பர் 10 அன்று கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்த டக்கோட்டா விமானம்தான். இலங்கையின் உள்நாட்டுப் போர்தான் இந்தத் தொடர்பை அறுத்தது. 2019 நவம்பரில் மீண்டது, சில மாதங்களிலேயே கொரோனாவால் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. திருச்சி சேவை 2025 மார்ச்சில் சேர்ந்தது. இரு கரையிலும் உறவுகளை வைத்திருப்பவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல.

"கொழும்பு போய்ப் போவதுதான் சுலபம்" என்பார்கள். சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 645 கிலோமீட்டர். பாதி வழி தாண்டிச் சிறிது நேரத்திலேயே விமானம் யாழ்ப்பாணத்தின் அட்சரேகையைக் கடந்துவிடும். பிறகு தரையிறங்கி, ஆறேழு மணி நேரம் பஸ்ஸிலோ ரயிலிலோ வடக்கே திரும்பி வர வேண்டும். பலாலியில் இறங்கினால், குடிவரவும் சுங்கமும் முடிந்தபின் யாழ் நகருக்கு மிச்சம் சுமார் 16 கிலோமீட்டர்.