ஜீப் வண்டியின் உடைந்த தண்டைச் செப்பனிடும் முறை

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வீசியபோதும், 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து சங்கராபரணியில் வெள்ளம் பெருகியபோதும், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியின் அருமையைப் புதுச்சேரிப் பகுதிக் கிராமத்தார் நன்கு உணர்ந்தனர். அத்தகைய பழைய ஜீப் ஒன்று, ஒரு மழைக்காலத்தில், ஏரிக்கரைக்கு மணல் மூட்டைகளை ஏற்றிச் சென்றபோது பாதி வழியில் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடியது, கியரும் விழுந்தது, சக்கரம் மட்டும் நகரவில்லை. மூட்டைகளைத் தலைச்சுமையாகவே கொண்டு சேர்த்தோம்.

கியர்ப் பெட்டியின் பின்னே டிரான்ஸ்பர் பெட்டி என்னும் சிறு பெட்டி உள்ளது. எஞ்சினின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தளிப்பது இதுவே. வில்லிஸ் வகை ஜீப்புகளில் இதன் நடுவே ஒரு தண்டும், அதன்மேல் ஊசி போன்ற உருளைகளின் மீது சுழலும் பல்சக்கரமும் இருக்கின்றன. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண ஓட்டத்திலும் விசை முழுவதும் இந்த நடுச்சக்கரத்தின் வழியாகவே செல்கிறது. ஆதலின் எண்ணெய் குறைந்தால் முதலில் தேய்வது இத்தண்டே. யுத்த காலத்து வண்டிகளில் முக்கால் அங்குலக் கனமாயிருந்த இதனைப் பின்னர் 1¼ அங்குலம் வரை பருமனாக்கினர் என்பதிலிருந்தே இதன் பாரம் விளங்கும்.

இனி, நாம் செய்த பிழையையும் மறைக்காமல் கூறுகிறோம். செலவுக்கு அஞ்சி, உடைந்த தண்டைப் பற்றவைத்துக் கடைந்து மாட்டினோம். கடினப்படுத்திய எஃகு, பற்றவைக்கும் சூட்டில் தன் பதத்தை இழந்துவிடும். சில வாரங்களில் தண்டு மறுபடி உடைந்து, பல்சக்கரத்தையும் கெடுத்தது. சாதாரண இரும்பில் லேத்தில் கடைந்த தண்டும் இத்தகையதே. உருளைகள் அதனைக் குடைந்துவிடும். புதிய தண்டும், உருளைகளும், இருபக்க வாஷர்களும் சேர்த்து வாங்குவதே சிக்கனம்.

வண்டியை இழுத்துவரும் முன் இரு புரொபல்லர் தண்டுகளையும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் உடைந்த துண்டுகள் உள்ளே அரைபடும். பட்டறையில் எண்ணெயை வடித்து, அடிமூடியைத் திறந்து, பின்புறத்துப் பூட்டுத் தகட்டை எடுத்தபின், பித்தளைக் கம்பியை வைத்துத் தண்டைப் பின்னோக்கித் தட்டினால் அது வெளிவரும். சக்கரம் அடிவழியே இறங்கும். உடைந்த தண்டாயின் எல்லாத் துண்டுகளையும் எடுத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பூட்டும்போதுதான் பொறுமை தேவை. உருளைகளைக் கிரீஸில் ஒட்டவைத்து, சக்கரத்தின் நீளத்திற்கு ஒரு மரக்கட்டையைக் கடைந்து உள்ளே செருகிக்கொண்டால் அவை சிதறா. பின்புறத்திலிருந்து தண்டைத் தட்ட, அது கட்டையை முன்னே தள்ளிக்கொண்டு வரும். வாஷரின் நாக்கு பெட்டியிலுள்ள பள்ளத்தில் அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டலாகாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் அதிகத் தூரம் ஓடுவதால் தண்டுகள் முறுக்கேறுகின்றன. சேற்றில் சக்கரம் வழுக்கி அம்முறுக்கு விடுபடும், தாரில் விடுபடாது. வெள்ளநீரில் இறங்கிய வண்டியின் எண்ணெய் பால் நிறமானால் நீர் புகுந்ததென்று பொருள். உடனே மாற்ற வேண்டும்.

புதிய எண்ணெயையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை வடித்துப் பார்ப்பது நலம். அதில் இரும்புத்தூள் மிகுதியாக மினுங்கினால் பெட்டியை மறுபடி திறக்க வேண்டியதுதான்.