எச்சில் தொட்ட ஞானஸ்நானம்

கேள்வி: பைபிளில் உள்ளதை வரிக்கு வரி அப்படியே கடைப்பிடித்து இன்று வாழ முடியுமா?
— ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: நியூயார்க்கில் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளர் தாடியெல்லாம் வளர்த்து ஓராண்டு முயன்றார். 2007-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். ஆனால் இந்தப் பஞ்சாயத்து உங்கள் ஊரில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது.

இயேசு காது கேளாத ஒருவனை உமிழ்நீர் தொட்டுக் குணமாக்கியதாக மாற்கு எழுதுகிறார். அதை அடியொற்றி, ஞானஸ்நானத்தில் குருவானவர் தன் எச்சிலைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைப்பது அன்றைய கத்தோலிக்கச் சடங்கு. எச்சில் பட்டாலே தீட்டு என்கிற ஊரில் இது எடுபடுமா? இயேசு சபைக் குருக்கள் சத்தமில்லாமல் அதை விட்டுவிட்டார்கள். 1703-ல் புதுச்சேரியில் வந்திறங்கிய ரோமின் தூதர் தூர்னோன், மறு ஆண்டே அங்கிருந்தபடி ஆணையிட்டார்: எச்சிலை விடக்கூடாது, தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது. வழக்கு நாற்பது ஆண்டு இழுத்தது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் எச்சிலுக்குப் பத்தாண்டு விலக்குத் தந்தார். (இந்த விட்டுக்கொடுப்பில் சாதிக்கு வளைந்ததும் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்கள் என்ற ஏற்பாடும் போப்பின் அதே ஆணையில்தான் வந்தது.)

இன்று பெந்தெகொஸ்தே குடும்பங்கள் பல, பேதுருவின் நிருபத்தைப் படித்துவிட்டு நகையைக் கழற்றிவிடுகின்றன. அது முடிகிறது. உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்று பணக்கார வாலிபனிடம் இயேசு சொன்னதும் அதே பைபிளில்தான் இருக்கிறது. தோட்டைக் கழற்றியவர்கள் வீட்டையும் விற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.