உள்மனசு சொன்னதா, பயம் சொன்னதா?

“ஏதோ சரியில்ல, வேண்டாம்னு உள்மனசு சொல்லுது.” ரயிலுக்கு டிக்கெட் எடுத்த பிறகு, நிச்சயதார்த்தத் தேதி குறித்த பிறகு, ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி என்று நம் வீடுகளில் இதைக் கேட்காதவர் குறைவு. சொன்னது பாட்டியாக இருந்தால் மேல்முறையீடும் கிடையாது, டிக்கெட் ரத்து. சில சமயம் அதைப் பேசுவது பல வருட அனுபவம். சில சமயம் வெறும் பதற்றம். இரண்டுக்கும் குரல் ஒன்றாக இருப்பதால் ஆள் தெரியாமல் போகிறது. இதைப் பற்றிப் புழங்கும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: உள்ளுணர்வு அமைதியாகப் பேசும், பதற்றம்தான் கத்தும்.

வாட்ஸ்அப்பிலும் ரீல்ஸிலும் அதிகம் சுற்றுகிற வாசகம் இதுதான். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதை நம்பி முடிவெடுக்க முடியாது.

கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் தீயணைப்பு வீரர்களோடு பழகி, நொடியில் முடிவெடுப்பது எப்படி என்று அவர்களிடம் கேட்டு எழுதியவர். அவர் பதிவு செய்தவற்றில் ஒரு கதை உளவியல் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மாடி இல்லாத ஒரு வீடு. பின்பக்கம் சமையலறையில் தீ. லெப்டினன்ட் தன் ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார். தீ அடங்க மாட்டேன் என்கிறது. அவர் நிற்கும் கூடத்தில் இருக்கக் கூடாத அளவு சூடு. அவ்வளவு சூட்டுக்கு ஏற்ற இரைச்சலும் இல்லை. ‘எல்லாரும் வெளியே’ என்று உத்தரவு போடுகிறார். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில் அவர்கள் நின்ற தரை இடிந்து உள்ளே விழுகிறது. தீயின் மூலம் அவர்கள் காலுக்குக் கீழே, நிலவறையில் இருந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு நிலவறை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

தனக்கு ஏதோ அமானுஷ்ய சக்தி இருப்பதாகத்தான் அந்த லெப்டினன்ட் நினைத்துக்கொண்டிருந்தார். க்ளைன் கிளறிக் கேட்ட பிறகே விஷயம் விளங்கியது. பல தீ விபத்துகளைப் பார்த்த கண்ணும் காதும் தோலும், இந்தத் தீ வழக்கமான தீ போல இல்லை என்பதை அவர் யோசிப்பதற்கு முன்பே பிடித்துவிட்டன. அப்போது அவர் உள்மனசு அமைதியாகவா பேசியது? இல்லை. ‘எல்லாரும் வெளியே’ என்ற உத்தரவாகவே வந்தது.

மறுபக்கம், சத்தமே போடாத பதற்றமும் உண்டு. “எனக்குக் கூட்டம் ஒத்துவராதுப்பா”, “மேடை ஏறுறது நமக்கு வேணாம்” என்று இருபது வருடமாக நிதானமாக ஒதுங்கிக்கொண்டே வருபவரிடம் படபடப்பே தெரியாது. பயந்த இடங்களுக்குப் போவதையே விட்டுவிட்டால் படபடப்பு எங்கிருந்து வரும்? பயத்தை அவர் சுபாவம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நம்பிக்கை: துளி சந்தேகம் இல்லாமல் தோன்றினால் அது உள்ளுணர்வுதான்.

பின்னாளில், 2002-இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், 1950-களில் இஸ்ரேல் ராணுவத்தில் இளம் உளவியலாளர். அதிகாரிப் பயிற்சிக்கு வருபவர்களைக் குழுவாக விட்டு, ஒரு நீண்ட மரத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகச் சொல்வார்கள். அதைப் பார்த்து இவன் தலைவன், இவன் தேறமாட்டான் என்று கானமனும் சகாக்களும் மதிப்பெண் போடுவார்கள். பார்த்த மாத்திரத்தில் ஆளை எடைபோட்டுவிட்டதாக அத்தனை உறுதி. பிறகு பயிற்சிப் பள்ளியிலிருந்து முடிவுகள் வரும். இவர்கள் கணிப்பு குருட்டு ஊகத்தைவிடக் கொஞ்சம்தான் மேல். வேடிக்கை என்னவென்றால், இது தெரிந்த பிறகும் அடுத்த குழுவைப் பார்க்கும்போது அதே உறுதி அப்படியே திரும்ப வந்ததாம்.

உள்ளுணர்வின் மேல் நம்பிக்கை வைத்த க்ளைனும், சந்தேகப்பட்ட கானமனும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சண்டை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் உடன்பாடு வந்தது. உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள்: அந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு இருக்க வேண்டும், நாம் கணித்தது சரியா தப்பா என்று சீக்கிரமே தெரிந்து, அப்படித் தெரிந்து தெரிந்து நாம் தேறியிருக்க வேண்டும். உறுதியாகத் தோன்றுவது இந்தக் கணக்கிலேயே இல்லை.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து “இன்னைக்குக் கடலுக்குப் போக வேணாம்” என்கிற மீனவருக்குக் கடல் அன்றைக்கே பதில் சொல்லிவிடும். சின்ன வயதிலிருந்து அந்தப் பதில்களைக் கேட்டு வளர்ந்தவர் அவர். எந்த பைக் குறுக்கே புகும் என்று பஸ் ஓட்டுநருக்குத் தெரிவதும் அப்படித்தான். இவர்கள் காரணம் சொல்லாவிட்டாலும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பெண் பார்க்கப் போய், பஜ்ஜி சொஜ்ஜி தட்டோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, “பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு, இது நமக்குச் சரிப்படாது” என்கிறாரே பெரியப்பா, அவருக்கு எங்கே பயிற்சி? வேண்டாம் என்று சொன்ன பெண் எப்படி வாழ்ந்தாள் என்று யாராவது அவரிடம் வந்து சொன்னார்களா? பங்குச் சந்தையில் “இது ஏறும்னு தோணுது” என்பதும் பெரும்பாலும் பெரியப்பா வகைதான்.

நம்பிக்கை: கெட்டது எதுவும் நடக்கும் முன் எனக்குத் தெரிந்துவிடும்.

1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள். இதை முன்கூட்டியே உணர்ந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள் என்று ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவர் ஒரு செய்தித்தாள் வழியாகக் கேட்டார். 76 பேர் எழுதினார்கள். உற்சாகமடைந்த அவர், அடுத்த ஆண்டே முன்னுணர்வுகளைப் பதிவு செய்ய ஓர் அலுவலகத்தையே தொடங்கிவிட்டார். நடந்த பிறகு “எனக்கு அப்பவே தெரியும்” என்பதை அந்த அலுவலகத்தில் பார்க்கர் ஏற்கவில்லை. நடப்பதற்கு முன் எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு. முதல் ஆண்டில் 469 முன்னறிவிப்புகள் வந்தன. மிகப் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போயின. பலித்ததாகத் தோன்றிய சில மட்டும்தான் பேச்சில் மிஞ்சின.

நம் வீட்டுக் கணக்கும் இப்படித்தான் ஓடுகிறது. பலித்த பயத்துக்கு ஆயுசுக்கும் ஞாபகம்; பலிக்காததற்கு மறுநாளே மறதி. 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தீராக் கவலைக் கோளாறு உள்ளவர்களைத் தங்கள் கவலைகளை அன்றன்றே எழுதிவைத்து, பிறகு நடந்ததா என்று சரிபார்க்கச் சொன்னார்கள். எழுதியவற்றில் சுமார் 91 சதவீதம் நடக்கவில்லை. கலந்துகொண்டவர்கள் 29 பேர்தான், ஆகவே அந்த எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வழியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: ஒரு நோட்டு, தேதி, என்ன நடக்கும் என்று தோன்றியது, கடைசியில் என்ன நடந்தது. “நான் கவலைப்பட்டதாலதான் நடக்கல” என்று ஒரு குரல் கிளம்பும். பதற்றத்தின் பழைய வாதம் அது. அதையும் எழுதி வையுங்கள்.

நம்பிக்கை: வயிறு சொன்னால் பொய்யாகாது.

வயிற்றுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு உண்டு, உண்மை. ஆனால் பரீட்சைக்கும், காதலுக்கும், நேற்றைய பரோட்டாவுக்கும் வயிறு கலக்குவது ஒரே மாதிரிதான். உடம்பு “ஏதோ நடக்கிறது” என்று மணி அடிக்கும். என்ன என்று சொல்லாது. காரணத்தை மனசு பக்கத்தில் கிடப்பதிலிருந்து பொறுக்கிக்கொள்ளும். காலையில் வெறும் வயிற்றில் குடித்த மூன்றாவது காபி, தூங்காத இரவு, தைராய்டு, ரத்தசோகை எல்லாமே நெஞ்சைப் படபடக்க வைக்கும். கண் துடிப்பதற்கும் பெரும்பாலும் களைப்புதான் காரணம். இடது, வலது வித்தியாசம் பஞ்சாங்கத்தோடு சரி.

நம்பிக்கை: எப்போதும் பயப்படுகிறவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. “அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம்” என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். பெல்ஜியத்தில் காய்ச்சல், இருமல் என்று மருத்துவரிடம் வந்த 3,890 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2012-இல் வெளியானது. பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் தெரியாதபோதும் ‘ஏதோ சரியில்லை’ என்று மருத்துவருக்குப் பட்ட குழந்தைகளில் கடுமையான தொற்று இருக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடியிருந்தது. மருத்துவருக்கு அப்படித் தோன்றியதோடு நெருக்கமாகச் சேர்ந்து வந்தவற்றில் ஒன்று, “இது வழக்கமான காய்ச்சல் மாதிரி இல்ல டாக்டர்” என்ற பெற்றோரின் கவலை. தன் குழந்தையின் அழுகையையும் தூக்கத்தையும் தினமும் படிக்கிறவள் தாய். க்ளைனும் கானமனும் போட்ட இரண்டு நிபந்தனைகளிலும் அவள் தேறிவிடுகிறாள். இங்கிலாந்தில் 2021-இல் ஒரு 13 வயதுச் சிறுமி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பெற்றோர் சொல்லிய கவலைக்கு அங்கே உரிய மதிப்பு கிடைக்கவில்லை. அதன் பிறகு அவள் பெயரிலேயே வந்த மார்த்தா விதி 2024 முதல் அங்கே படிப்படியாக நடைமுறைக்கு வந்தது: நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் பயந்தால், வேறொரு மருத்துவக் குழு அவசரமாக வந்து பார்க்கும்படி கேட்கலாம்.

அதே அம்மா, மகன் சென்னையிலிருந்து கிளம்பிய பஸ் கவிழப்போகிறது என்று நடுங்கினால்? பஸ்ஸைப் பற்றி அவருக்கு எந்தத் தகவலும் இல்லை. ஒரே மனுஷிதான், ஒரு விஷயத்தில் நிபுணர், இன்னொன்றில் பயந்தவர். ஆகவே ஆளைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

வேறு எதைப் பார்ப்பது? கண்ணெதிரே இருக்கும் ஏதாவது ஒன்றைச் சுட்டுகிறதா என்று பார்க்கலாம். அனுபவம் பேசினால் கிளறக் கிளற ஒரு விவரம் கிடைக்கும்: ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் காணோம், ஆள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. புதிய தகவல் வந்தால் அது மாறவும் செய்யும். பதற்றம் அப்படி இல்லை. “போய்ச் சேர்ந்துட்டேம்மா” என்ற போன் வந்ததும் பத்து நிமிடம் அடங்கி, பிறகு ரூமில் ஃபேன் கழன்று விழுமோ என்று தொடங்கும். ஒரு முறை லாரி மோதிப் பிழைத்தவருக்கு ஒவ்வொரு ஹார்னும் எமனாகத் தெரிவது மூன்றாவது வகை. பாடம் உண்மையான பாடம்தான், ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாதது.

இதைவிட உதவியானது செலவுக் கணக்கு என்பேன். இரவில் லிஃப்டில் ஏறும் ஆளைப் பார்த்து மனம் உறுத்தினால் ஆராய்ச்சி வேண்டாம், அடுத்த லிஃப்டில் போங்கள். நஷ்டம் இரண்டு நிமிடம். வேலையை விடச் சொல்லும் உறுத்தலுக்கும், கல்யாணத்தை நிறுத்தச் சொல்லும் உறுத்தலுக்கும் ஆதாரம் கேட்க வேண்டும், ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு.

நம்பிக்கை: இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் நிம்மதி வந்துவிடும்.

நாள் முழுக்க “இது உள்ளுணர்வா, பயமா?” என்று தன்னையே குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பதும் பதற்றத்தின் வேலைதான். நூறு சதவீதம் உறுதி தெரிந்தால்தான் அடுத்த அடி வைப்பேன் என்று அது அடம்பிடிக்கும். அந்த உறுதி யாருக்கும் கிடைக்காது. அடக்க முடியாத கவலை ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் இருந்து, தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் அது சிகிச்சை உள்ள நோய். சிந்தனை-நடத்தை சிகிச்சையும் மருந்துகளும் நன்றாகவே பலன் தருகின்றன. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம். ஆனால் முதல் முறையாக நெஞ்சு இறுக்கி, மூச்சு முட்டி, வியர்த்துக் கொட்டினால் அதைப் பதற்றம் என்று வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.